உஷார்! சக் பிடி விட்டால் கட்டை முகத்துக்கே வரும்

மர லேத் வாங்கிக் கிண்ணம் கடையக் கிளம்பியிருப்பவர்கள் ஸ்விட்சைப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். உளி கையைக் கிழிப்பதைவிடக் கொடுமையான விபத்து ஒன்று உண்டு. சுற்றிக்கொண்டிருக்கும் கட்டை, அதைக் கவ்விப் பிடிக்கும் சக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து முகத்தில் அடிப்பதுதான் அது. 25 செ.மீ. அகலக் கிண்ணம் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 94 கி.மீ. வேகத்தில் போகிறது. ஈரம் காயாத தூங்குமூஞ்சிக் கட்டை என்றால் எடையும் நாலு கிலோவைத் தொடும். தாடை எலும்பு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

ஆபத்து கடையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரும்பு லேத்துக்கான மூன்று ஜா (கவ்வும் தாடை) உள்ள சக்கை வாங்கி மாட்டுகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஒடுங்கிய அந்த ஜாக்கள் மூன்றே இடத்தில் மரத்தை நசுக்கும். நசுங்கிய இடம் கொஞ்ச நேரத்தில் தளரும். மரத்துக்கு, நான்கு ஜாவும் ஒன்றாக நகர்ந்து வட்டமாகக் கவ்வும் ஸ்க்ரோல் சக்தான் சரி. வாங்கும்முன், சக்கை மாட்டும் சுழல்தண்டான ஸ்பிண்டிலின் மரையை அளந்துகொண்டு போங்கள். 1 அங்குலத்தில் 8 மரை, 33 மி.மீ.யில் 3.5 மி.மீ. மரை என்று லேத்துக்கு லேத் மாறும். சக் கடைசிவரை ஏறி ஸ்பிண்டிலின் தோளில் படிந்து உட்கார வேண்டும். மரை பொருந்தாவிட்டால் டேப் சுற்றி இறுக்கிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நல்ல சக் வாங்கியும் கட்டை பறக்கிறதா? பெரும்பாலும் குற்றம் காம்பில்தான். சக் கவ்விக்கொள்ள, கட்டையின் அடியில் ஒரு குட்டைக் காம்பு கடைந்துவிடுவோம் இல்லையா, அங்கேதான் அவசரப்படுகிறோம். காம்பின் நுனி சக்கின் அடியைத் தொடவே கூடாது. காம்பைச் சுற்றியுள்ள கிண்ணத்தின் தோள், ஜாக்களின் முகத்தில் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். நுனி முட்டிக்கொண்டு நின்றால் தோளுக்கு ஆதாரமே இருக்காது; விளிம்பில் உளி ஒருமுறை கொத்தினாலும் நெம்பி எடுத்தமாதிரி கட்டை பிடுங்கிக்கொள்ளும். ஒரு டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். தோளுக்கும் ஜாவுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கழற்றித் திரும்பக் கடையுங்கள்.

காம்பு கிண்ணத்தை ஒட்டிய இடத்தில் சற்றுச் சிறுத்தும் நுனியில் சற்று விரிந்தும், ஜாவின் சரிவுக்கு ஏற்ப இருக்கட்டும். அதன் குறுக்களவு கிண்ணத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டாம். ஜாக்கள் கிட்டத்தட்ட மூடிய நிலையில்தான் முழு வட்டமாகப் பிடிக்கும். அகலத் திறந்தால் முனைகள் மட்டுமே மரத்தைக் கடிக்கும். வெடிப்பு ஓடிய இடத்திலும் உளுத்த இடத்திலும் காம்பு கடைய வேண்டாம். அடியில் குழி தோண்டி ஜாவை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் முறையும் இருக்கிறது. மெல்லிய அடி என்றால் அந்த விரிப்பே மரத்தைப் பிளந்துவிடும்.

இறுக்கியதும் இரண்டு சாவித் துளையிலும் மாறி மாறித் திருகுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டியபின் நிறுத்தி, திரும்பவும் இறுக்குங்கள். அழுத்தத்தில் மரம் அமுங்கியிருக்கும், சாவி கட்டாயம் கொஞ்சம் நகரும். முடிந்த மட்டும் லேத்தின் எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக்கையும் முட்டுக் கொடுத்தே கடையுங்கள்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்து, கரண்ட் கட். லேத் நின்றுவிடுகிறது, ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் பிடியைப் பார்க்கலாமே என்று சக்கில் சாவியைச் செருகுகிறோம். கரண்ட் வந்தால்? சாவி எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் போனவுடன் முதலில் ஸ்விட்சை அணையுங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள். சாவி சக்கில் இருக்கும்போது அதிலிருந்து கையை எடுக்காதீர்கள்.

மெருகேற்றும்போது லேத்தைத் திருப்பிச் சுற்றவிடுபவர்களே, பூட்டுத் திருகு இல்லாத சக் தானாகக் கழன்று வரும்!

வேகத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கிண்ணத்தின் அங்குலத்தையும் சுற்றையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று. கோணல்மாணலான புதுக் கட்டைக்கு அதற்கும் கீழே. ஸ்விட்ச் போடும்போது கட்டைக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். வெறும் கண்ணாடி போதாது, முகம் முழுதும் மறைக்கும் ஷீல்டு வேண்டும். தோளில் துண்டு, கையில் கிளவுஸ், தொங்கும் துப்பட்டா எதுவும் லேத் பக்கம் வரக் கூடாது.

இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உங்கள் சக்கின் ஜா ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால், மாற்றும்வரை தயவுசெய்து அந்தச் சக்கில் கட்டை ஏற்றாதீர்கள்.