விதை நெல் யார் பத்தாயத்தில்?

தஞ்சாவூர் பக்கம் குறுவை அறுவடையின்போது, எல்லாரும் வானத்தையே பார்ப்பர். களத்து நெல் மழையில் நனைந்தால், முளை விட்டு வீணாகி விடும். மழையை முன்கூட்டியே கணிக்க, 'சூப்பர் கம்ப்யூட்டர்' வேண்டும்.

1980களில், அதை அமெரிக்காவிடம் கேட்டது இந்தியா. 'அணுகுண்டு செய்யவும் இது உதவுமே' என அஞ்சிய அமெரிக்க அரசு, கேட்டதை விட திறன் குறைந்த 'கிரே' கம்ப்யூட்டரையே தர சம்மதித்தது. வானிலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என, நிபந்தனையும் விதித்தது.

'நாமே செய்வோம்' என, 1988ல் புனேயில், 'சி - டாக்' அமைப்பு துவங்கியது. விஜய் பட்கர் தலைமையில், பல சிறு சிப்களை இணைத்து, ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்ய வைத்தனர். பலர் சேர்ந்து நாற்று நடுவது போல! 1991ல், 'பரம் 8000' தயாரானது. ஆனால், கம்ப்யூட்டரின் மூளையான சிப்கள், பிரிட்டனில் இருந்து வந்தவை.

செயற்கை நுண்ணறிவிலும் இதே கதை தான். 2022ல், உயர்ரக சிப்களை சீனாவுக்கு விற்கத் தடை போட்டது அமெரிக்கா. வாங்கிய நிறுவனங்கள் திண்டாடின. விற்ற, 'என்விடியா'வுக்கும் வியாபாரம் போனது. இந்தியாவுக்கும், 2025 ஜனவரியில் வரம்பு அறிவித்து, மே மாதம் கைவிட்டது.

விதை நெல்லை அடுத்தவர் பத்தாயத்தில் வைத்து விட்டு, நம் இஷ்டப்படி நாற்று விட முடியுமா? சிப் செய்யவும் நாம் கற்க வேண்டும். கற்பீர்கள் தானே!