வரி கட்டுகிறோம், வாக்கு எங்கே?

நான் கிள்ளான். என் தோழி பிரிக்பீல்ட்ஸ். இருவருக்கும் வயது இருபது. 2023 ஆகஸ்டு 12ஆம் தேதி சிலாங்கூர் சட்டமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்துவிட்டு, மை பூசிய விரலைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். "எனக்கு எப்போது?" என்று பதில் வந்தது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். அங்கே சட்டமன்றமே கிடையாது. வாக்களிக்கும் வயது 18ஆகக் குறைந்தும், நாடாளுமன்றத் தேர்தல் வரும்வரை அவள் காத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றில் நாங்கள் இருவரும் சமம். தெருவிளக்கு, கால்வாய், அங்காடிக் கடை உரிமம், பக்கத்துத் திடலில் அடுக்குமாடி எழலாமா கூடாதா என்பதையெல்லாம் முடிவு செய்கிற ஊராட்சி மன்றத்திற்கு இருவரும் வாக்களிக்க முடியாது. கிள்ளான் அரச மாநகர் மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. கோலாலம்பூர் டத்தோ பண்டாரும் நியமிக்கப்படுகிறவர்தான். ஆண்டுக்கு இருமுறை சுக்காய் பிந்து மட்டும் தவறாமல் கட்டுகிறோம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951இல் ஜார்ஜ்டவுனிலும் 1952இல் கோலாலம்பூரிலும் நகராட்சித் தேர்தல் நடந்தது. முதல் பொதுத்தேர்தலே 1955இல்தான் வந்தது! அந்த ஐம்பதுகளில் கோலாலம்பூரில் வென்றவர்களில் தேவகி கிருஷ்ணன் என்ற நம்மவரும் ஒருவர். 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. சில மன்றங்களில் முறைகேடு நடக்கிறது என்ற புகாரும் அப்போது இருந்தது. அதை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன்.

அந்தப் பெயரை நான் பாடநூலில் படிக்கவில்லை. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் டியூஷன் சொல்லிக் கொடுக்கப் போனபோது தெருப்பலகையில் பார்த்தேன். ஜான்சி ராணி படையில் இருந்த அவருடைய துணைவியார் ஜானகியைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். இவருடைய அறிக்கையைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. 1968இல் ஆணையம் அரசிடம் சொன்னது இதுதான்: குறைகள் உண்டு, சீர்திருத்துங்கள், ஆனால் தேர்தல் முறை இருக்கட்டும். அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற புகாருக்கு, தட்டிக் கேட்கக்கூடிய வாக்காளரையே வெளியே அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் இது விளங்கவில்லை.

அதே தாமானில்தான் ரிம்பா கியாரா பூங்காவும் இருக்கிறது. 2017இல் அங்கே உயர்மாடிக் குடியிருப்புகள் கட்ட மாநகர் மன்றம் அனுமதி அளித்தது. அனுமதி வழங்கும் பொறுப்பில் இருந்த டத்தோ பண்டார், அந்தத் திட்டத்தில் பங்கு கொண்ட கூட்டரசுப் பிரதேச அறவாரியத்தின் அறங்காவலர் குழுவிலும் இருந்தார். குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். இது நலன் முரண்பாடு என்று சொல்லி அனுமதி செல்லாது எனக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் முடிவாகத் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுகள்! வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாத குடியிருப்பில் இது நடந்திருந்தால்?

கதை இதோடு முடிந்தால் எழுதுவது சுலபம். அந்தப் பூங்காவை ஒட்டி, முன்னாள் புக்கிட் கியாரா தோட்டப் பாட்டாளிக் குடும்பங்கள் நீண்ட வீடுகளில் வாழ்ந்து வந்தன. நிரந்தர வீடு கிடைக்கும் என்று எத்தனையோ ஆண்டுகளாகக் காத்திருந்தவர்கள். ரத்தான திட்டத்தில் அவர்களுக்கும் ஒரு கட்டடம் இருந்தது. தேர்தல் நடந்திருந்தால் அந்தச் சில குடும்பங்களின் வாக்கு, சுற்றியுள்ள ஆயிரக்கணக்கானோரின் வாக்கில் கரைந்து போயிருக்காதா? இதைத் தோழியிடம் சொன்னபோது, "இப்போது மட்டும் அவர்களுக்கு யார் இருந்தார்கள்?" என்றாள். சரிதான். தொகுதியைச் சிறிதாக வகுத்தால், வாசல்வரை வந்து வாக்குக் கேட்க வேண்டிய கவுன்சிலர் ஒருவராவது இருப்பார். தமக்குத் தொடர்புள்ள திட்டத்தில் முடிவெடுக்க எவரும் உட்காரக் கூடாது என்பதையும் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். தேர்தல் மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை.

ஊராட்சித் தேர்தல் இனப் பிளவைத் தூண்டும் என்கிறார்கள். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மற்ற இரண்டு தேர்தல்களை அதே காரணம் சொல்லி நாம் நிறுத்தவில்லையே.

பினாங்கு முயன்று பார்த்தது. 2012இல் மாநிலச் சட்டமே இயற்றியது. கூட்டரசுச் சட்டத்தை மாநிலம் மீற முடியாது என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. ஆக, 15ஆம் பிரிவு நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. அது அரசியலமைப்பின் பகுதி அல்ல. அதை நீக்க மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டியதில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம் என்பதால் அதையும் திருத்த வேண்டும்.

அடுத்த பொதுத்தேர்தலில் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் கைகொடுக்க வரும் வேட்பாளரிடம் கேட்க, தோழி அந்தப் பிரிவின் எண்ணைக் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறாள்.