நடுவர் இல்லாத பந்தயம்!

குழந்தைகளே! பந்தயம் என்றதும் உங்களுக்கு என்னவெல்லாம் நினைவுக்கு வரும்? விசில் ஊதும் நடுவர், சுண்ணாம்புக் கோடு, முடிவில் கட்டியிருக்கும் ரிப்பன், கைதட்டும் கூட்டம், வென்றவருக்குக் கோப்பை. சரிதானே?

இவை எதுவுமே இல்லாத ஒரு பந்தயம் இருக்கிறது. அதன் தூரம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 4,400 கிலோ மீட்டர்! அதுவும் சைக்கிளில், மலைப் பாதையில்!

'டூர் டிவைட்' என்பது அதன் பெயர். கனடா நாட்டில் பான்ஃப் என்ற மலை நகரில் தொடங்கும். அமெரிக்காவின் மான்டானா, ஐடஹோ, வயோமிங், கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய ஐந்து மாநிலங்களைக் கடந்து, மெக்சிகோ எல்லையில் உள்ள ஆண்டிலோப் வெல்ஸ் என்ற இடத்தில் முடியும். ஜூன் மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவார்கள்.

மழைத்துளி எந்தப் பக்கம் போகும்?

'டிவைட்' என்றால் பிரிப்பது என்று பொருள். எதைப் பிரிக்கிறது? மழைநீரைத்தான்! ராக்கி மலைத் தொடரின் முகட்டை ஒட்டி ஒரு கோடு வரைவதாக நினைத்துக் கொள்ளுங்கள். கோட்டுக்கு மேற்கே விழும் மழை ஆறாக ஓடிப் பசிபிக் கடலைச் சேரும். கிழக்கே விழும் மழையில் பெரும்பகுதி அட்லாண்டிக் கடலின் பக்கம் போகும். பந்தயப் பாதை இந்தக் கோட்டை ஏறக்குறைய 30 முறை குறுக்கே தாண்டுகிறது.

வயோமிங்கில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு பெரிய வறண்ட பள்ளத்தை விட்டுவிட்டு, மறுபடியும் ஒன்று சேர்கிறது. அந்தப் பள்ளத்தில் விழும் மழை எந்தக் கடலுக்கும் போகாது. மண்ணில் இறங்கும், அல்லது ஆவியாகிவிடும். அந்த வழியாகச் செல்பவர்களுக்கு நூறு கிலோ மீட்டருக்கு மேல் கடையே கண்ணில் படாது. தண்ணீரை முன்கூட்டியே நிரப்பிக் கொள்ளாவிட்டால் ஆபத்துதான்.

இந்தப் பாதைக்கு 1990-களில் ஓர் அமெரிக்க சைக்கிள் சங்கம் வரைபடம் தயாரித்தது. பெரும்பாலும் சரளைக்கல் சாலையும் காட்டுப் பாதையும்தான். 1999-ஆம் ஆண்டு ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்பவர் கனடா எல்லையிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு, 18 நாள் 5 மணி நேரத்தில் தென் எல்லையைத் தொட்டார். அதைப் பார்த்துப் பலருக்கும் ஆசை வந்தது. பான்ஃபிலிருந்து புறப்படும் 'டூர் டிவைட்' 2008-ஆம் ஆண்டு தொடங்கியது.

யார் கலந்து கொள்ளலாம்?

நுழைவுக் கட்டணம் கிடையாது. பரிசுத் தொகையும் கிடையாது. 'நானும் வருகிறேன்' என்று முன்னதாக ஒரு கடிதம் எழுதுவது வழக்கம், அவ்வளவுதான். புகழ்பெற்ற வீரர்கள் சிலர் வருவார்கள். மற்ற பெரும்பாலோர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, சொந்தக் காசில் வருகிறவர்கள். இப்படி ஆசைக்காக விளையாடுகிறவர்களை 'அமெச்சூர்' என்பார்கள். 'நேசிப்பவர்' என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லில் இருந்து வந்த வார்த்தை அது. பணத்துக்காக அல்ல, பிடித்திருக்கிறது என்பதற்காகச் செய்பவர். நல்ல சொல் இல்லையா?

இப்போது ஒரு கணக்கு. 4,400 கிலோ மீட்டரை 25 நாளில் முடிக்க வேண்டுமானால், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும்? வகுத்துப் பாருங்கள். 176 கிலோ மீட்டர்! ஒருநாள் ஓட்டிவிட்டு ஓய்வெடுக்க முடியாது. மறுநாளும், அதற்கு மறுநாளும் அதே 176. வழியில் ஏறும் மேடுகளை எல்லாம் கூட்டினால், எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைப் போல ஆறேழு மடங்கு வரும்.

பைக்குள் என்ன இருக்கும்?

சைக்கிளின் சட்டத்திலும், இருக்கைக்குப் பின்னாலும், கைப்பிடியிலும் சின்னச் சின்னப் பைகளைக் கட்டிக் கொள்வார்கள். தூங்க ஒரு பை, சின்னக் கூடாரம், மழைச் சட்டை, காற்றடிக்கும் பம்ப், அறுந்த சங்கிலியை இணைக்கும் கருவி, ஓடைத் தண்ணீரை வடிகட்டும் குழாய், விளக்கு. எடை கூடினால் மேட்டில் தானே மூச்சு வாங்க வேண்டும்? அதனால் மாற்று உடையைக்கூட யோசித்துத்தான் எடுத்து வைப்பார்கள்.

ஒரு சின்னக் குப்பியும் கட்டாயம் உண்டு. அது கரடிக்காக! கனடாவிலும் மான்டானாவிலும் கிரிஸ்லி என்ற பெரிய கரடிகள் வாழ்கின்றன. மிளகாயின் காரச் சத்து அடைத்த அந்தக் குப்பியை அழுத்தினால் கரடியின் முகத்தில் காரப் புகை பீய்ச்சி அடிக்கும். ஆனால் அதுவரை போகவிடாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். வளைவுகளில் சத்தமாகக் குரல் கொடுத்துக் கொண்டே போவார்கள். திடீரென்று எதிரில் போய் நின்றால்தானே கரடி மிரளும்? இரவில் உணவுப் பையைக் கூடாரத்தில் வைக்காமல், தள்ளி இருக்கும் மரக்கிளையில் உயரமாகக் கட்டித் தொங்க விடுவார்கள்.

கரடியைவிடச் சேறுதான் பலரை அழவைக்கிறது. சில இடங்களில் மழை பெய்தால் களிமண் சக்கரத்தில் அப்பிக் கொள்ளும். சக்கரம் சுற்றவே சுற்றாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக் கொண்டு நடக்க வேண்டியதுதான். ஜூன் மாதத்திலும் உயரமான கணவாய்களில் பனி கிடக்கும். கொலராடோவில் உள்ள இந்தியானா கணவாயின் உயரம் ஏறக்குறைய 3,630 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. நான்கு மிதி மிதித்தாலே மூச்சு இரைக்கும். கைப்பிடியை நாள்கணக்கில் அழுத்திப் பிடிப்பதால் விரல்கள் மரத்துப் போகும். பந்தயம் முடிந்து வீடு திரும்பியும் சட்டைப் பொத்தானைப் போடச் சிரமப்படுபவர்கள் உண்டு.

யாரும் பார்க்காவிட்டால்?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இந்தப் பந்தயத்தின் விதிகள் எளிமையானவை. பாதை முழுவதையும் சொந்த உழைப்பில் கடக்க வேண்டும். பாதையை விட்டு விலகினால், விலகிய அதே இடத்துக்குத் திரும்பி வந்து தொடர வேண்டும். கடையில் வாங்கிச் சாப்பிடலாம், விடுதியில் காசு கொடுத்துத் தங்கலாம். ஆனால் அவை எல்லோருக்கும் பொதுவான கடையாக, விடுதியாக இருக்க வேண்டும். அண்ணன் காரில் வந்து சாப்பாடு கொடுப்பது, நண்பன் புது டயர் கொண்டு வருவது எல்லாம் கூடவே கூடாது. வழியில் முன்பின் தெரியாத ஒருவர் தானாக மனமிரங்கித் தண்ணீர் கொடுத்தால் மட்டும் வாங்கிக் கொள்ளலாம்.

சரி, இதையெல்லாம் யார் கண்காணிப்பது? ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கருவியை எடுத்துச் செல்வார்கள். அது செயற்கைக்கோள் வழியாக அவர் இருக்கும் இடத்தை அனுப்பும். வீட்டில் இருப்பவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்தால், வரைபடத்தில் ஒரு புள்ளி மெல்ல நகரும். அம்மா இரவில் தூங்கப் போகும்முன் மகனின் புள்ளியைப் பார்ப்பார். காலையில் எழுந்ததும் மறுபடி பார்ப்பார்.

ஆனால் புள்ளி இடத்தைத்தான் சொல்லும். 'இந்த ரொட்டியை யார் கொடுத்தார்கள்?' என்று சொல்லாது. 'பஞ்சரை ஒட்டியது யார்?' என்றும் சொல்லாது. தேர்வு அறையில் கண்காணிப்பாளர் சற்றே வெளியே போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பக்கத்துப் பையனின் விடைத்தாள் நன்றாகத் தெரிகிறது. அப்போது உங்களைத் தடுப்பது யார்? நீங்களேதான்! இந்தப் பந்தயத்தில் அந்தத் தேர்வு மூன்று வாரம், நான்கு வாரம் நீடிக்கிறது. பசியிலும் குளிரிலும் தனிமையிலும்.

திரும்பி வந்த பெண்

2015-ஆம் ஆண்டு அலாஸ்காவைச் சேர்ந்த லேயல் வில்காக்ஸ் என்ற பெண் கலந்து கொண்டார். பந்தயம் தொடங்கும் இடத்துக்கு அவர் எப்படிப் போனார் தெரியுமா? தன் ஊரான ஆங்கரேஜிலிருந்து 3,000 கிலோ மீட்டருக்கு மேல் சைக்கிளிலேயே! பந்தயத்தின் நடுவில் அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிட்டு மீண்டும் ஓட்டினார். 17 நாள்களில் முடித்துப் பெண்களுக்கான சாதனையைப் படைத்தார். 'உடம்பு சரியாக இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே' என்று அவருக்குத் தோன்றியது. அதே ஆண்டு மறுபடியும் தனியாக வந்து, முழுப் பாதையையும் முதலிலிருந்து ஓட்டி, 15 நாள் 11 மணி நேரத்துக்குள் முடித்தார்! தன் சாதனையைத் தானே முறியடித்தார்.

2016-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மைக் ஹால் 14 நாள்களுக்குள் முடித்தார். அந்த நேரமும் பின்னால் முறியடிக்கப்பட்டுவிட்டது. மைக் ஹால் 2017-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த வேறொரு நெடுந்தூரப் பந்தயத்தின்போது கார் மோதி இறந்து போனார். எத்தனை திறமை இருந்தாலும் சாலையில் சைக்கிள் ஓட்டுபவருக்குப் பாதுகாப்பு குறைவு என்பதை மறக்கக் கூடாது. நீங்களும் இருட்டிய பிறகு விளக்கும், ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டையும் இல்லாமல் சைக்கிளை எடுக்காதீர்கள்.

நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் ஓட்டியபின், முழங்கால் வீங்கி, பாதியில் நிறுத்துகிறவர்களும் ஏராளம். அவர்களை யாரும் கேலி செய்வதில்லை. உடம்பு சொல்வதைக் கேட்டுத் திரும்புவதும் ஒரு துணிச்சல்தான்.

கடைசிவரை போகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஆண்டிலோப் வெல்ஸில் ஊரே இல்லை. வெயில் காயும் வெட்டவெளியில் ஓர் எல்லைச் சாவடி, ஒரு பெயர்ப் பலகை. பல நேரங்களில் கைதட்ட ஒருவர்கூட இருக்கமாட்டார். சைக்கிளைப் பலகையில் சாய்த்து வைத்து ஒரு புகைப்படம் எடுத்துக் கொள்வார்கள். அவ்வளவுதான்!

ஆனால் அந்தப் படத்தில் நிற்பவருக்கு ஒன்று தெரியும். வந்த வழியில் ஒரு கிலோ மீட்டரைக்கூட ஏமாற்றவில்லை என்று. நடுவர் இருந்திருந்தால், அதை அவர் சொல்லித் தெரிய வேண்டியிருந்திருக்கும்.