கைதட்டாத கூட்டம்: ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்றும் இன்றும்

ஏழு வயதிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் மார்கழியின் பகல் பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தது. அரையர் ஒரு பாசுரத்துக்கு அபிநயம் பிடித்து முடித்துத் தாளத்தை நிறுத்தினார். எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, சடசடவென்று கைதட்டினேன். மண்டபத்தில் வேறு யாரும் தட்டவில்லை. அப்பத்தா என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திட்டவில்லை. காதோரம் குனிந்து, "அவரு நமக்கு ஆடலைய்யா, ஆண்டாளுக்கு ஆடுறாரு. நாம ஓரமா நின்னு பாத்துக்கிறோம்" என்றாள்.

நான் தட்டியதற்குக் காரணம் ராஜபாளையம். எங்கள் ஊரில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்து உண்டாக்கிய மன்றம். நாடகமோ நாட்டியமோ நடந்தால் திரை விழும்போது கைதட்ட வேண்டும். தட்டாவிட்டால் கலைஞருக்கு மனம் வாடும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதே கைதட்டல் தப்பு. ஒரே மாவட்டத்தில், அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில், பார்ப்பவனின் கடமை இப்படித் தலைகீழாக மாறுவது அந்த வயதில் எனக்குப் பெரிய வியப்பு. அறுபதைத் தாண்டியும் அந்த வியப்பு போகவில்லை.

அரையர் சேவையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள், தம் மருமகன்களான மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் அதை இசையோடும் அபிநயத்தோடும் கற்பித்தார். அவர்கள் வழியில் வந்தது இது என்பது வைணவ மரபு. ஆயிரம் ஆண்டுக் கணக்கு. இன்று திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர், கர்நாடகத்து மேல்கோட்டை என்று விரல் விட்டு எண்ணும் இடங்களில்தான் இருக்கிறது. தலையில் கூம்புக் குல்லாய், காதை மூடித் தொங்கும் மடல்கள், கழுத்தில் பெருமாளுக்குச் சாத்திய மாலை, கையில் தாளம். மிருதங்கம் இல்லை, வீணை இல்லை, ஒப்பனையும் இல்லை. அர்ச்சகர் அருளப்பாடு சொல்லி அழைத்த பிறகே அரையர் முன்னே வருவார். பாடுவார், அபிநயிப்பார், பின் தம்பிரான்படி என்னும் வியாக்கியானத்தைச் சொல்வார். முத்துக்குறி என்னும் பகுதியில் மகளுக்காகத் தவிக்கும் தாயும் அவரே, காதலில் உருகும் மகளும் அவரே, குறி சொல்லும் கட்டுவிச்சியும் அவரே. அத்தனையும் பெருமாளின் முகத்தைப் பார்த்து நடக்கும். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவருடைய பக்கவாட்டுத் தோற்றம்தான்.

அந்தப் பக்கவாட்டுத் தோற்றத்துக்காக அப்பத்தா படும் பாடு இருக்கிறதே! மார்கழிக் குளிரில் மில் சங்கு ஊதும் முன்பே எழுந்து தலைக்குக் குளித்துவிடுவாள். ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் பெரியப்பா பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து நின்றால், "குளிச்சிட்டு வா, இல்லாட்டி நீ வரவே வேணாம்" என்பாள். சேவை தொடங்கும் முன்பே போய் உட்கார வேண்டும். நடுவில் நுழையக் கூடாது. சுவாமி இருக்கும் பக்கம் கால் நீட்டக் கூடாது. எழுந்து போக நேர்ந்தால் முதுகு காட்டாமல் நாலு அடி பின்வாங்கித்தான் திரும்ப வேண்டும். ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். சாத்துவதற்குக் கொண்டுபோகும் பூவை மோந்து பார்க்கக் கூடாது. மாலையைத் தானே சூடிப் பார்த்துவிட்டுப் பெருமாளுக்குக் கொடுத்தவளின் கோயிலிலேயே இந்த விதியா என்று பின்னாளில் கேட்டேன். "அவ சூடலாம். நீ ஆண்டாளா?" என்றாள்.

இவற்றில் ஒன்றுகூடப் பலகையில் எழுதி வைத்திருக்கவில்லை. தெரியாதவனுக்குப் பக்கத்தில் இருப்பவர் சொன்னார். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு பெரியவர். யார், எந்தத் தெரு என்று தெரியாது. அரையரின் விரல் எதைக் காட்டுகிறது, இது கம்சனா இரணியனா என்று தணிந்த குரலில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லி முடித்ததும் தாம் கண்களை மூடிக்கொள்வார்.

அந்தக் காலத்தை இப்படி எழுதும்போது மனம் இளகுகிறது. ஆனால் இன்னொரு பாதியையும் எழுதாவிட்டால் நான் பொய்யன். அந்த ஒழுங்கில் யார் எங்கே நிற்கலாம் என்பதும் சேர்ந்திருந்தது. தன் சிறுவயதில் சில தெருக்காரர்கள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனதை அப்பத்தா கண்டிருக்கிறாள். பதினொரு நிலைக் கோபுரம். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அதனாலேயே அவர்களை எட்ட நிறுத்தி வைப்பது எளிதாகவும் இருந்தது. 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தார்கள். அந்த ஆண்டும் பிறகு 1947லும் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வந்தன. அதற்குப் பிறகுதான் எல்லாத் தெருக்காரர்களுக்கும் வாசல் திறந்தது. வாயை மூடி இரு, கால் நீட்டாதே என்பது மரியாதை. நீ வராதே என்பது மரியாதையில் சேராது. இரண்டுக்கும் ‘முறை’ என்று ஒரே பெயர் வைத்ததுதான் நம் ஊர்களின் பெரும் பிழை.

1947இல் இன்னொரு சட்டமும் வந்தது: பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்த தேவதாசி ஒழிப்புச் சட்டம். அது வரவேண்டிய சட்டம். அதற்கு முன்பே கோயில் நடனம் சென்னை சபா மேடைகளுக்கு நகரத் தொடங்கியிருந்தது. மேடைக்கு என்று திரை, விளக்கு, நிகழ்ச்சி நிரல், கைதட்டல், பொன்னாடை என்று ஒரு தனி நாகரிகம் வளர்ந்தது. இப்போது அந்த மேடை நாகரிகம் மறுபடி கோயிலுக்குள் வருகிறது. கோயில் வளாகத்தில் நாட்டியாஞ்சலி நடக்கிறது, நாற்காலி போடுகிறார்கள், பிரமுகர் வருகிறார், கைதட்டுகிறோம். அதே வளாகத்தில், சில நூறு அடி தள்ளி, கைதட்டாத சேவையும் நடக்கிறது. வருபவர் குழம்பாமல் என்ன செய்வார்?

2024 டிசம்பர் 15ஆம் தேதி, மார்கழி பிறப்பதற்கு முந்தைய நாள், நடந்ததைப் பலரும் அறிவார்கள். இளையராஜா இசையமைத்த திவ்ய பாசுரங்களுக்கான நாட்டிய நிகழ்ச்சி ஆண்டாள் கோயிலில் நடந்தது. அதற்கு வந்த அவர், தரிசனத்தின்போது அர்த்தமண்டப வாசற்படி அருகே சென்றார். அர்ச்சகர், பரிசாரகர், மடாதிபதிகள் தவிர மற்றவர் அதற்குள் செல்வது வழக்கமில்லை என்று சொல்லப்பட்டதும் வெளியே நின்று மரியாதையைப் பெற்றுக்கொண்டார். காட்சி நாடெங்கும் பரவியது. அறநிலையத் துறை விளக்கம் கொடுத்தது. தன்மானத்தை விட்டுக்கொடுப்பவன் நானல்ல என்று அவரே எழுதினார். எனக்கு இதில் தோன்றுவது ஒன்றுதான். அந்த வழக்கம் எல்லாருக்கும் பொதுவானது என்றால், அதை எல்லாரும் படிக்கும்படி எழுதி வைத்திருக்க வேண்டும். காலெடுத்து வைத்த பிறகு சொல்லப்படும் விதி, கேட்பவர் காதில் விதியாக விழாது; வரலாறு தெரிந்தவர் காதில் வேறு மாதிரித்தான் விழும்.

இன்று கூட்டம் மாறியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வருகிறார்கள். தரிசனம், பால்கோவா, அடுத்த கோயில் என்று கால அட்டவணை. கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடுக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனாலும் உற்சவர் எழுந்தருளும்போது எங்கிருந்தோ கைகள் உயர்ந்துவிடுகின்றன. போன மார்கழியில் எனக்கு முன்னால் நின்ற இளைஞர் அரையரைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம். பிறகு போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் சொல்வதற்கு ஒரு பெரியவர் வாய்க்கவில்லை. நானே பக்கத்தில்தான் நின்றேன், நானும் சொல்லவில்லை. அது என் குற்றம்.

நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்று எத்தனையோ பெண்கள் பிரபந்தப் புத்தகத்தை மடியில் விரித்து அரையரோடு வரி வரியாகப் போகிறார்கள். எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை.

பார்க்க வருபவரின் மரியாதை என்ற பேச்சில் கடல் கடந்த ஒரு விழாவும் நினைவுக்கு வருகிறது. தம்பி மகள் மலேசியாவில் ஷா ஆலமில் வேலை பார்க்கிறாள். அங்கே ஜப்பானியரின் போன் ஒடோரி நடன விழா ஆண்டுதோறும் நடக்கிறது. 1977இல், மலேசியாவில் வாழ்ந்த ஜப்பானியக் குழந்தைகள் தங்கள் பண்பாட்டை மறக்காமல் இருக்கத் தொடங்கியது. 2022இல், இதில் வேற்று மதக் கூறு இருக்கிறது, முஸ்லிம்கள் போகாதீர்கள் என்று சமய விவகார அமைச்சர் சொன்னார். விழா நடக்கட்டும் என்றார் சிலாங்கூர் சுல்தான். அந்த ஜூலையில் 50,000 பேருக்கு மேல் திரண்டார்கள். மலாய்க்காரர், சீனர், நம் தமிழர் எல்லாரும்.

அவள் போய்வந்து சொன்னதைக் கேட்டதும் எனக்கு அப்பத்தா நினைவு வந்தது. நடுவில் யாகுரா என்ற உயரமான மேடை, அதன் மேல் மத்தளம். சுற்றிலும் வட்டம் வட்டமாக ஆடுகிறார்கள். யாரும் சேரலாம். ஆனால் வட்டம் போகும் திசையில்தான் போக வேண்டும், குறுக்கே வெட்டக் கூடாது, அடி தெரியாதவர் முன்னே ஆடுபவரைப் பார்த்துப் பழக வேண்டும். யுகாதா உடுத்தினால் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே போடுவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. இந்த ஆட்டமே மூதாதையர் ஆவிகள் வீடு திரும்பும் நாட்களுக்கானது. அங்கும் விருந்தாளி பார்வையாளர் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருவர். நாம் விருந்தாளியோடு வந்த விருந்தாளிதான். ஒரு வித்தியாசம் உண்டு: அங்கே ஆடினால் மரியாதை, இங்கே அசையாமல் இருந்தால் மரியாதை. அவள் இன்னொன்றும் சொன்னாள்: "பெரியப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியாது. பக்கத்துல ஒரு ஜப்பான் பாட்டி என் கையைப் பிடிச்சுத் திருப்பிவிட்டாங்க."

மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறேன். அன்றும் இன்றும் என்றால் ஆடிப்பூரத் தேரைப் பற்றியும் நாலு வரி சொல்ல வேண்டும். அன்று மரச் சக்கரத் தேர் கிளம்பினால் நிலைக்கு வரப் பல நாட்கள், சில காலம் மாதங்களே ஆனதாகச் சொல்வார்கள். வழியில் நின்ற தேருக்கு அந்தத் தெருவே காவல் இருந்தது. தெருக்காரர்கள் வடம் தொட்டவனுக்கு மோர் கொடுத்தார்கள். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகு அன்றைக்கே நிலை சேர்ந்துவிடுகிறது. உயிர்ச்சேதம் குறையும் என்றால் அதுதான் சரி. நீர்மோர்ப் பந்தல் இப்போதும் இருக்கிறது.

கோயில் நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசியை வாங்கி வைக்கும் இடத்திலேயே ஒரு பலகை வையுங்கள். அரையர் சேவை என்றால் என்ன, எத்தனை மணிக்குத் தொடங்கும், எங்கே உட்காரலாம், எந்தப் படியோடு எல்லாரும் நின்றுவிட வேண்டும், ஏன் கைதட்டுவதில்லை என்று பத்து வரி போதும். சாதிப் பேச்சுக்கு இடமில்லாமல், பெரியவர் சின்னவர் பார்க்காமல், எல்லாருக்கும் ஒரே வரிகளாக இருக்கட்டும்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வரும் மார்கழியில் பகல் பத்துக்குப் போனால், பக்கத்தில் புதிதாக வந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அவன் கைதட்டினால் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, யாருக்காக ஆடுகிறார்கள் என்று காதோடு சொல்லுங்கள்.