சங்கிலிக் கையும் ஆடுவோர் தீர்ப்பும்

கதை கேட்டு அழுதோர் உண்டு. நாடகம் கண்டு அழுதோரும் உண்டு. பந்தாட்டத்தில் தோற்று அழுத சிறுவரை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். ஆனால் ஒரு விளையாட்டை வென்று முடித்தபின் அழுதோம் என்று வளர்ந்தோர் பலர் சொல்லுவது புதுமையன்றோ? அவ்வாறு சொல்லப்பெற்ற விளையாட்டுக்களுள் ஒன்று ‘சனாபி’ என்னும் கணினி விளையாட்டு. அதனை ஆடினோர் கூறும் அபிப்பிராயங்கள் யாவை, அவற்றை நாம் எங்ஙனம் எடைபோட வேண்டும் என்பதைச் சுருக்கமாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சனாபி தென் கொரியாவில் ‘ஒண்டர் போஷன்’ என்னும் சிறு குழுவினரால் இயற்றப்பெற்றது. முற்றுப்பெறாத நிலையில் 2022-ஆம் ஆண்டிலும், நிறைவுற்ற வடிவில் 2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலும் ‘நியோவிஸ்’ நிறுவனத்தார் அதனை வெளியிட்டனர். கொரிய மொழியில் ‘சன்’ என்பது மலை. ‘நாபி’ என்பது வண்ணத்துப்பூச்சி. இத்துணை மென்மையான பெயர் பூண்ட கதையோ வன்மை மிக்கது. பொன்னுலகத்திற்கு நேர்மாறாக, பெருவாணிகக் குழுமம் ஒன்றின் கைப்பட்டுக் கெட்டுப்போன எதிர்கால நகரமே அதன் களம். ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவர், தம் மகளை இழந்த துயரால், ‘சனாபி’ என்று மட்டும் அறியப்பட்ட பகைவனைத் தேடி அந்நகரினுள் புகுகின்றார். மாரி என்னும் இளம்பெண் அவருக்குத் துணையாகின்றாள். இதற்கு மேற்கூறுதல், இனி ஆடுவோர்க்கு நாம் செய்யும் தீங்காகும்.

அவ்வீரருடைய ஒரு கை இயற்கைக் கையன்று. அதினின்று சங்கிலியொன்று பாய்ந்து சுவரையோ கூரையையோ பகைவனையோ பற்றிக்கொள்ளும். பற்றிய இடத்தினின்று ஊஞ்சல்போல் ஆடி, தக்க கணத்தில் பிடியை விட்டு, அடுத்த இடத்திற்குப் பறத்தல் வேண்டும். பௌதிக வகுப்பில் ஊசற்குண்டைப் பற்றிக் கற்றவர்க்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். ஊசல் தன் வீச்சின் அடியில் இருக்கும்போது வேகம் மிகுதி. உச்சியிலோ வேகம் ஒழிந்து உயரமே எஞ்சும். அடியிலேயே விட்டவன் நேரே பாய்வான்; உச்சியில் விட்டவன் கீழே வீழ்வான்; மேலெழும் வழியில் விட்டவனே உயரத்தையும் தூரத்தையும் ஒருங்கே பெறுவான். ஆடுவோன் இச்சூத்திரத்தை ஏட்டிற் பயில்வதில்லை. பன்முறை விழுந்து விழுந்து அவன் கையே கற்றுக்கொள்ளுகின்றது.

இவ்வகை விளையாட்டு புதியதன்று. 1987-ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய டோக்குரோ புஜிவாரா, காப்காம் நிறுவனத்தின்பொருட்டு இயற்றிய ‘பயானிக் கமாண்டோ’ என்னும் ஆட்டத்திலும் வீரனுக்கு இயந்திரக் கை உண்டு. அவனால் ஓர் அங்குலமேனும் குதிக்க இயலாது. கையை வீசியே எங்கும் செல்லவேண்டும். அக்குறையே அவ்வாட்டத்தின் சுவையாயிற்று. 1994-ஆம் ஆண்டில் வந்த ‘உமிஹரா கவாசே’யில் ஒரு பெண் மீளும் தன்மையுள்ள தூண்டிற் கயிற்றைப் பற்றி ஊசலாடுகின்றாள்.

இனி ஆடினோர் அபிப்பிராயங்களுக்கு வருவோம். சங்கிலியின் வேகத்தையும் பறத்தலின் இன்பத்தையும் பழிப்போர் அரியர். வழக்கெல்லாம் கதையைப் பற்றியதே. ஒரு சாரார், “பறந்துகொண்டிருக்கும்போது எங்களைப் பிடித்து நிறுத்தி நெடும்பேச்சுக் கேட்கச் செய்கின்றனர், கை சும்மா இருக்கின்றது” என்று குறைகூறுவர். மற்றொரு சாரார், “அப்பேச்சு இல்லையேல் இப்பறத்தலுக்குப் பொருளே இல்லை, இறுதியை அடைந்தபின் முதலில் கேட்ட சிறு சொல்லும் வேறு பொருள் தருகின்றது” என்பர். இருவரும் ஒரே ஆட்டத்தை ஆடியவரே. எவர் சொல்லைக் கொள்ளுவது?

கணினி விளையாட்டுக்களை விற்கும் ‘ஸ்டீம்’ என்னும் அங்காடியில், வாங்கியோர் தம் கருத்தை எழுதும் முறை 2013-ஆம் ஆண்டு தொடங்கிற்று. அங்கே மதிப்பெண் இல்லை. பரிந்துரைக்கின்றேன், பரிந்துரைக்கவில்லை என்னும் இரண்டே விடைகள். 100 பேரில் 95 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பரிந்துரைத்து, எழுதியோர் தொகையும் மிகுந்திருப்பின், அவ்விளையாட்டு மிக உயர்ந்த வரிசையைச் சேரும். சனாபி அவ்வரிசையில் இடம்பெற்றது. இதன் பொருளை மாணவர் பிழைபட உணர்தல் கூடாது. ஒரு வகுப்பில் 100-க்கு 95 பேர் தேறினர் என்பது வேறு. ஒரு மாணவன் 100-க்கு 95 மதிப்பெண் பெற்றான் என்பது வேறு. ஸ்டீம் கூறுவது முன்னதே. மிகவும் போற்றியவனும், குறைகள் கண்டு ஒருவாறு இசைந்தவனும் அங்கே ஒரே எண்ணாக நிற்பர்.

மேலும், ஒவ்வொரு கருத்தின் அருகிலும் அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது குறிக்கப்பட்டிருக்கும். அதனை நோக்காமல் கருத்தைப் படித்தல், முகவரி நோக்காமல் கடிதம் படித்தலை ஒக்கும். இரண்டு மணி நேரத்தில் விட்டுச் சென்றவர் கதையின் வாயிலை மாத்திரமே கண்டவர். அவர் இறுதியைப் பற்றித் தீர்ப்புக் கூறல் ஒல்லாது. எனினும் முடித்தவர் சொல்லையே வேதவாக்காகக் கொள்ளுதலும் தவறு. ஏனெனில், பேச்சு பிடியாதவர் பலர் இடையிலேயே விலகிவிடுவர். எஞ்சி நின்று கண்ணீர் வடிப்போர் பெரும்பாலும் முன்னமே மனம் இசைந்தவர். தூற்றியபின் களத்தில் எஞ்சிய நெல்லை மாத்திரம் கண்டு, அவ்வயலில் பதரே விளையவில்லை என்று கூறலாமோ?

எம்முடைய கருத்தில், இருசாராரும் ஒவ்வோர் உண்மையைப் பற்றி நிற்கின்றனர். கையைக் கட்டிவைத்துச் செவியை மாத்திரம் வேலை வாங்கும் இடங்களில் முதற்சாராரின் குறை நேரியதே. அதனை நூலிலும் நாடகத்திலும் கேட்கலாம், விளையாட்டு வேண்டுவதில்லை. ஆனால் தவறிய பிடிக்கெல்லாம் தானே வீழ்ந்து, மீண்டும் தானே எழுந்த ஒருவன், அக்கதையைப் பிறர் கதையென எண்ணான். தந்தையின் துயரம் அவன் விரல்களுக்கும் பழகிவிடுகின்றது. வென்றபின் வந்த கண்ணீருக்குக் காரணம் இதுவே போலும்.

ஆதலின், அன்பர்காள், ஒரு விளையாட்டையேனும் நூலையேனும் பற்றிப் பலர் கூறுவதைக் கேட்குங்கால், எத்தனை பேர் புகழ்ந்தனர் என்று வினவுவதோடு அமையாது, எவ்வளவு தூரம் உடன் சென்று புகழ்ந்தனர், எவ்விடத்தில் நின்று இகழ்ந்தனர் என்றும் வினவுவோமாக. சங்கிலியை எப்பொழுது பற்றுவது, எப்பொழுது விடுவது என்று அறிந்தவனே அக்கரை சேர்வான். பிறர் தீர்ப்பைக் கொள்ளுவதிலும் முறை அதுவே.