பல்லிக்கும் ஒரு பருவம் உண்டு

பல்லி என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவது, சுவரில் ஒட்டிக்கொண்டு சகுனம் சொல்லும் சிறு பிராணியே. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கி வந்தவர் நம்மிடையே பலர். அப்பல்லியை விலை கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் போற்றி, அது முட்டையிடும் நாளை எதிர்நோக்கியிருப்போரும் உலகில் உளர் என்றால் நம் பாட்டிமார் நகைப்பர். ஆயினும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல்லி இன்று வீட்டுப் பிராணிகளுள் ஒன்றாகிவிட்டது. கைப்பேசியில் அக்காட்சிகளைக் காணும் நம் பிள்ளைகள், ‘நாமும் வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்யலாமே’ என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். அவர்களுக்கு விடை கூறுமுன் அவ்வளர்ப்பின் இயல்பைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதலுற்றோம்.

மேனாட்டார் மிகுதியாக வளர்ப்பது ‘சிறுத்தைப் பல்லி’ என்னும் இனம். மஞ்சள் மேனியில் கரும்புள்ளிகள் நிறைந்தது. ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ளது. நம் வீட்டுப் பல்லியைப்போல் இது சுவரேறாது. விரல்களில் ஒட்டும் தகடுகள் இல்லை. இதற்குக் கண்ணிமைகள் உண்டு. தடித்த வாலிலே கொழுப்பைச் சேமித்து வைத்துப் பஞ்ச காலத்தில் அதனைக் கொண்டு உயிர் வாழும். ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தானம், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட பாறை நிலங்களே இதன் தாயகம். இதற்கு முதன்முதல் அறிவியற் பெயர் சூட்டியவர், கல்கத்தா ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராயிருந்த எட்வர்டு பிளைத் என்பவர், ஆண்டு 1854. ஆகவே, மேனாட்டுக் கடைகளில் விற்கப்படும் இவ்வுயிர் உண்மையில் நம் துணைக்கண்டத்துக்கு உரியதே.

இனி, இதனை இனம் பெருக்கச் செய்வது எவ்வாறு? ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. இப்பிராணியின் உடலில் பருவங்களின் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தாயகத்துக் குன்றுகளில் கடுங்குளிர் வருங்கால் இது வளைக்குள் ஒடுங்கி உண்ணாதிருக்கும். வெயில் திரும்பியதும் வெளிப்பட்டுத் துணை தேடும். வளர்ப்போர் செய்வது இந்தப் பருவ மாற்றத்தைப் பெட்டிக்குள் உண்டாக்குவதேயாகும். மாரிக்காலத்தில் ஆறு முதல் எட்டு வாரம் வரை வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒளியின் நேரத்தையும் சுருக்கி, பின்பு படிப்படியாகப் பழைய நிலைக்குக் கொணர்வர். குளிர்விக்குமுன் வயிற்றிலுள்ள இரை செரித்திருத்தல் வேண்டும். தண்ணீர் எக்காலமும் இருத்தல் வேண்டும். மெலிந்ததையும் நோயுற்றதையும் இந்த ஒடுக்கத்துக்கு உட்படுத்தலாகாது.

இதனினும் முக்கியமானது தாயின் உடல்வலிமை. ஒரு வயது நிறைந்து, 45 கிராம் எடைக்குக் குறையாமல், வால் பருத்திருக்கும் பெண்ணையே கூட்டுதற்கு ஏற்றதென்பர். ஒருமுறை கூடிய பெண் அவ்வித்தைத் தன்னுள் சேமித்து வைத்து, ஆணின் துணையின்றியே ஒரு பருவத்தில் பலமுறை முட்டையிட வல்லது. சில வாரங்களுக்கு ஒருமுறை இரண்டிரண்டு முட்டையாக இட்டுக்கொண்டேயிருக்கும். அத்தனை முட்டைக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? உணவாகக் கொடுக்கும் சிள்வண்டிலும் புழுவிலும் அச்சத்து மிகக் குறைவு. ஆதலால் இரையின்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவிக் கொடுத்தல் வேண்டும். அதனை உடல் ஏற்பதற்கு ‘டி3’ உயிர்ச்சத்தும் வேண்டும். இவை குறைந்தால் தாயின் எலும்பே கரைந்து முட்டைக்குச் செல்லும், தாடை மெலியும், கால் வளையும், முட்டை வயிற்றில் சிக்கி உயிருக்கே இறுதி நேர்வதும் உண்டு. குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கொண்டாடுவோர் பலர். தாயின் வால் மெலிவதை நோக்குவோர் சிலரே. வால் இளைக்கத் தொடங்கியவுடன் ஆணைப் பிரித்து, தாய்க்கு நல்லுணவும் அமைதியும் அளிப்பவரே உண்மையான வளர்ப்பாளர்.

முட்டையிடுதற்கு ஈர மண்ணோ தேங்காய் நார்த்தூளோ நிரப்பிய ஒரு சிறு மூடுபெட்டி வேண்டும். அது இல்லையேல் தாய் இடமின்றித் தவிக்கும். காய்ந்த தரையில் இட்ட முட்டை சில மணி நேரத்தில் சுருங்கிவிடும். முட்டையின் ஓடு கோழிமுட்டையைப்போல் கெட்டியானதன்று. தோல் போன்று மென்மையானது. அதனை எடுக்குங்கால், ‘இப்பக்கம் மேல்’ என்று எழுதிய பார்சலைக் கையாள்வதுபோல், கிடந்த நிலை மாறாமல் எடுத்து வைத்தல் வேண்டும். புரட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு அழியக்கூடும்.

இங்கேதான் இயற்கையின் விந்தையொன்று வெளிப்படுகிறது. பிறக்கும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது முட்டை இருக்குமிடத்தின் வெப்பம்! 26 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் ஏறக்குறைய எல்லாம் பெண்ணாகும். 32 அல்லது 33 டிகிரியில் பெரும்பாலானவை ஆணாகும். 34, 35 டிகிரிக்கு உயர்ந்தால் மீண்டும் பெண்களே மிகும். வெப்பம் மிகுந்தால் ஆறு ஏழு வாரங்களிலும், குறைந்தால் இன்னும் பல வாரங்கள் கழித்தும் குஞ்சு வெளிவரும்.

ஆனால் ஆற்றல் கைவந்தவுடன் ஆசையும் வளர்கின்றது. புதுப்புது நிறங்களுக்குப் பெருவிலை கிடைப்பதால், நிறம் ஒன்றையே கருதி இணை சேர்க்கும் வழக்கம் பரவிற்று. அமெரிக்காவில் ‘லெமன் ஃபிராஸ்ட்’ என்னும் வெளிர்மஞ்சள் வகையொன்று தோன்றிப் பெரும் புகழ் பெற்றது. பின்னர் அவ்வகையில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை தோலில் புற்றுக் கட்டிகளால் துன்புறுவது தெரியவந்தது. அவ்வழகிய நிறத்தையும் அந்நோயையும் தருவது ஒரே மரபுக்கூறு என்பதை 2021ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. பிராணியின் அழகு நமக்கு. அதன் நோவோ அதற்கு! இத்தகைய பெருக்கத்தை வளர்ப்பு என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

நம் நாட்டு நிலையையும் கூறுதல் கடன். காட்டில் வாழும் பல்லியைப் பிடித்து வந்து அடைத்தல் வளர்ப்பாகாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 2022ஆம் ஆண்டு அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் நாட்டு உயிர்களுக்கு அரணாக உள்ளன. வடகிழக்கு மாநிலங்களில் வாழும் ‘டோக்கே’ என்னும் பெரும்பல்லி, நோய் தீர்க்கும் மருந்தென்னும் பொய்ந்நம்பிக்கையால் கள்ளத்தனமாகப் பிடித்து விற்கப்படுவதையும், அவ்வாறு விற்போர் சிறைப்படுவதையும் செய்தித்தாளில் காண்கின்றோம். எனவே, கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி எதையும் வாங்குதல் கூடாது. முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

பிள்ளைகளின் ஆவலை அதற்காக அடக்கிவிட வேண்டுவதில்லை. நம் வீட்டுச் சுவரே ஒரு நல்ல பாடசாலை. விளக்கருகே பூச்சிக்குக் காத்திருக்கும் பெண் பல்லியை உற்றுநோக்கச் சொல்லுங்கள். அதன் மெல்லிய வயிற்றுத் தோலினூடே இரு வெண்முட்டைகள் தெரியும். கழுத்தின் இருபுறமும் வெண்மையாய்ப் புடைத்திருக்கும் பைகள், முட்டை ஓட்டுக்கென அது சேர்த்து வைத்த சுண்ணாம்புச் சத்து. கூண்டுக்காரர் பொடி தூவி ஈடு செய்ய முயல்வதை இச்சிற்றுயிர் தானே சேமித்துக்கொள்கின்றது. படச் சட்டத்தின் பின்னே அது இட்டுச் சென்ற முட்டையைக் கண்டால், தூசி தட்டுகையில் அதனைத் தள்ளிவிடாது அங்கேயே இருக்க விடுங்கள். குஞ்சு வெளிவரும் நாளைப் பிள்ளைகள் நாட்காட்டியில் குறித்துக் காத்திருக்கட்டும்.