துபையில் வாடகை வீடு: ஒப்பந்தம் யார் பெயரில்?

சபருக்குச் சென்ற கணவரிடமிருந்தோ மகனிடமிருந்தோ, "துபையில் வீடு பார்த்துவிட்டேன், பிள்ளைகளை அழைத்துக்கொள்ளப் போகிறேன்" என்ற செய்தி வந்தால் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்குவது இயல்பே. எத்தனை அறைகள், பள்ளிவாசல் அருகில் உள்ளதா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்கிறோம். சகோதரிகளே, இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்றைக் கேளுங்கள்: வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது?

இப்படிக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேரா, பர்துபை, சத்வா போன்ற பகுதிகளில் நம்மவர் பலர் வீட்டு உரிமையாளரிடமிருந்து நேரடியாக வீடு பெறுவதில்லை. ஒருவர் முழு வீட்டையும் தம் பெயரில் எடுத்து, பலகையால் தடுத்து, அறை அறையாகப் பிறருக்கு விடுகிறார். ஊர்க்காரர்தானே என்ற நம்பிக்கையில் பணம் கைமாறுகிறது. ரசீது கேட்பதுகூட மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது!

ஆனால் துபையின் 2007 ஆம் ஆண்டு 26 ஆம் எண் சட்டம், உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவதைத் தடுக்கிறது. மீறினால் உள்வாடகைக்கு விட்டவரையும் அதில் குடியிருப்பவரையும் சேர்த்தே வெளியேற்ற உரிமையாளர் கோரலாம். குடியிருந்தவருக்கு எஞ்சுவது, தமக்கு விட்டவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமை மட்டுமே. அவர் அதற்குள் ஊர் திரும்பிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? 2025 ஆம் ஆண்டில் மாநகராட்சி, அனுமதியற்ற தடுப்பறைகள் மீது கடும் நடவடிக்கை எடுத்ததையும் நாம் மறந்துவிடலாகாது.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை எண்ணிப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம், தவணையிட்ட கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கிறது. ஊர்க்காரர் என்றால் எழுத வேண்டியதில்லை என்று அதில் விலக்கு ஏதுமில்லை.

எழுதினால் மட்டும் போதாது. துபையில் ஒப்பந்தத்தைப் பதிவும் செய்ய வேண்டும். 2010 முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவுக்கு 'ஈஜாரி' என்று பெயர். அரபியில் 'என் வாடகை' என்பது பொருள். ஃபிக்ஹு நூல்களில் இஜாரா பாடம் ஓதியவர்களுக்கு இச்சொல் புதிதன்று. மின்சாரம், குடிநீர் இணைப்புக்கும் குடும்ப விசாவுக்கும் இச்சான்று தேவைப்படுகிறது.

அடுத்தது செலவு. ஆண்டு வாடகை 60,000 திர்ஹம் எனக் கொள்வோம். வழக்கத்தில் உள்ளபடி முன்பணம் 5 விழுக்காடு, தரகு 5 விழுக்காடு என 6,000 திர்ஹம் ஆகிறது. அடுக்குமாடி வீட்டின் மின் இணைப்புக்கு வைப்புத்தொகை 2,000. ஆக, வாடகைக்கு மேல் 8,000 திர்ஹம் முதலிலேயே கையில் இருக்க வேண்டும். மாநகராட்சிக் கட்டணமாக ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு, அதாவது மாதம் 250 திர்ஹம், மின்கட்டணத்தோடு சேர்ந்து வரும். சம்பளத்தையும் வாடகையையும் மட்டும் ஒப்பிட்டுவிட்டு வீட்டாரை அழைப்பவர்கள் இங்கேதான் இடறுகின்றனர்.

வாடகையைப் பெரும்பாலும் பின்தேதியிட்ட காசோலைகளாகவே கேட்பார்கள். அவற்றை உரிமையாளரின் பெயருக்கே எழுத வேண்டும். தரகர் பெயருக்கு ஒருபோதும் எழுதலாகாது. பணமின்றித் திரும்பும் காசோலை 2022 முதல் பெரும்பாலும் குற்றவழக்கு ஆவதில்லை என்பது உண்மையே. எனினும் அதைக் கொண்டு நேரே நிறைவேற்று நீதிமன்றத்தை அணுக முடியும் என்பதால் அலட்சியம் ஆகாது.

முறையாகப் பதிந்தவருக்குப் பாதுகாப்பும் உண்டு. வாடகையை உயர்த்த, ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். உயர்வுக்கு 2013 ஆம் ஆண்டின் 43 ஆம் எண் ஆணை வரம்பு விதித்துள்ளது. எவ்வளவு குறைந்த வாடகையாயினும் உயர்வு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சொந்தக் குடியிருப்புக்கென்றோ விற்பனைக்கென்றோ காலி செய்யச் சொன்னால், நோட்டரி வழியாகவோ பதிவு அஞ்சலிலோ 12 மாத அறிவிப்பு தேவை. "அடுத்த மாதம் கிளம்பு" என்ற வாய்ச்சொல் செல்லாது. பிணக்கு எழுந்தால் வாடகைத் தகராறு மையத்தில் முறையிடலாம். அங்கே முதலில் கேட்கப்படும் ஆவணங்களுள் ஒன்று ஈஜாரிச் சான்று.